புத்தகம் ஒருபுறம், பாட்டு ஒருபுறம்!

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏரியின் பெயராலேயே அறியப்படும் ஊர் தென்னேரி. தொண்டை நாட்டை ஆண்ட திரையனின் பெயரால் வழங்கிய 'திரையனேரி'யே நாளடைவில் இவ்வாறு மருவியது என்பர். அந்த ஏரிக்கரையை ஒட்டிய வீடொன்றை எண்ணிப் பாருங்கள். மக்ரிப் தொழுகை முடிந்த வேளை. பன்னிரண்டாம் வகுப்பு அரசுத் தேர்வுக்காக மகள் புத்தகத்தை விரித்து அமர்ந்திருக்கிறாள். அக்குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதிக்கவிருக்கும் முதல் பெண் அவள். பிள்ளை சோர்ந்துவிடக் கூடாதே என்று தாய் கைப்பேசியில் இசைமுரசு நாகூர் ஹனீபாவின் பாடல்களை மெல்ல ஒலிக்க விடுகிறார். ஒரு மணி நேரம் கழிகிறது. புரட்டிய பக்கங்கள் பத்து. மனத்தில் நின்றவையோ இரண்டு!

குற்றம் பிள்ளையுடையதா? இல்லை. பாட்டினுடையதுமன்று. இரண்டையும் ஒரே நேரத்தில் சேர்த்து வைத்ததுதான் பிழை.

இசை கேட்பது ஆகுமா, ஆகாதா என்னும் விவாதம் உலமாக்களுக்குரியது. நாம் இங்கே ஆராய்வது படிப்பைப் பற்றி மட்டுமே.

நாம் வாய் திறவாமல் படிக்கும்போதும் சொற்கள் உள்ளத்தில் ஒலித்துக்கொண்டேதான் இருக்கின்றன. அவ்வேளையில் பாடலின் சொற்களும் செவி வழியே நுழைந்தால், இரண்டும் ஒரே வாசலில் முட்டி மோதுகின்றன. 1989இல் சலமே, பேட்லி என்னும் இரு அறிஞர்கள் இதனைச் சோதித்தார்கள். கண்ணால் கண்ட எண்களை வரிசை பிறழாமல் நினைவில் வைக்க முயன்றவர்களைக் குரலிசை மிகுதியாகக் கலைத்தது. சொல்லற்ற கருவியிசை அதைவிடக் குறைவாகக் கலைத்தது. "எனக்குப் பிடித்த பாட்டுதானே!" என்று பிள்ளைகள் வாதிடுவதுண்டு. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதற்கும் விடை தந்தது: பிடித்த இசையும் பிடிக்காத இசையும் நினைவாற்றலைக் குலைத்தன, அமைதியே மேலாக நின்றது.

மோஸார்ட்டின் இசை அறிவை வளர்க்கும் என்றொரு பேச்சு உலகெங்கும் பரவியதை அறிவீர்கள். அதன் மூலம் 1993இல் கலிபோர்னியாவில் 36 மாணவர்களிடம் நடந்த ஒரு சோதனை. அவர்கள் 10 நிமிடங்கள் இசை கேட்டார்கள். பிறகே தேர்வு எழுதினார்கள். வடிவங்களை மனத்தில் உருவகிக்கும் கணக்குகளில் மட்டும் சிறிது ஏற்றம் தெரிந்தது. அதுவும் கால் மணி நேரத்திற்குள் மறைந்தது. படிக்கும்போது இசை கேட்பதைப் பற்றி அச்சோதனை ஒன்றும் கூறவில்லை.

சிலர் பின்னணியாகக் கிராஅத்தை ஒலிக்க விடுகிறார்கள். நோக்கம் நல்லதே. ஆயினும், திருமறை ஓதப்படும்போது வாய்மூடிச் செவிசாய்க்க வேண்டும் என்பதன்றோ நமக்கு இடப்பட்ட கட்டளை? படிக்கத் தொடங்குமுன் சற்று நேரம் கேளுங்கள். அதன்பின் புத்தகத்தைத் திறங்கள். இரண்டிற்கும் உரிய கண்ணியம் கிட்டும்.

வீட்டின் இரைச்சலுக்குப் பிள்ளைகள் பழகிவிடுவார்கள் என்று இருந்துவிடாதீர்கள். நியூயார்க்கில் இரயில் பாதையை அடுத்திருந்த ஒரு பள்ளியை 1975இல் ஆராய்ந்தபோது, பாதைப் பக்க வகுப்புகளில் பயின்ற பிள்ளைகள், அமைதியான பக்கத்துப் பிள்ளைகளைவிட வாசிப்பில் பின்தங்கியிருந்தது தெரியவந்தது. தண்டவாளத்தில் இரப்பர் பொருத்தி, வகுப்பறைகளிலும் ஓசையை அடக்கிய பின் 1981இல் மீண்டும் பார்த்தார்கள். அந்த வேறுபாடு மறைந்திருந்தது! பிள்ளைகளின் அறிவில் குறையில்லை. ஓசைதான் தடையாக நின்றது.

அண்டை வீட்டு இரைச்சலை மறைக்க ஏதேனும் ஒலி வேண்டுமெனில், சொல்லற்ற, மெதுவான, ஏற்ற இறக்கம் குறைந்த ஒன்றைத் தாழ்ந்த ஒலியில் வையுங்கள். மின்விசிறியின் சீரான ஓசையே பலருக்குப் போதுமானது. படம் வரைதல், ஏடுகளுக்கு அட்டையிடுதல் போன்ற வேலைகளின்போது பாட்டு இருந்தால் பாதகமில்லை. ஐயமிருந்தால் நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரு பாடத்தைப் பாட்டோடும், அதேயளவு கடினமான இன்னொன்றை அமைதியிலும் படிக்கச் செய்து, புத்தகத்தை மூடி எழுதச் சொல்லுங்கள். விடை தாளிலேயே தெரிந்துவிடும்.

தாய்மார்களே! தந்தையரே! பிள்ளை படிக்க அமரும்போது தொலைக்காட்சியை அணையுங்கள். உங்கள் கைப்பேசியையும் ஓரமாக வையுங்கள். காசு பணம் செலவில்லாமல் நீங்கள் அளிக்கக்கூடிய கல்விக் கொடை அந்த அமைதியே. இன்றைய மக்ரிபிற்குப் பின்னரே அதனைத் தொடங்கலாமே!