பிரேக் அடிச்சா கார் எங்க நிக்கும்?

போன மழைக்காலத்துல ஈ.சி.ஆர். ரோட்டுல நண்பன் கார் ஓட்ட, நான் பக்கத்துல உட்கார்ந்திருந்தேன். ஸ்பீடு 70-ஐத் தாண்டியிருந்தது. திடீர்னு ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக்கை அழுத்தி மிதிச்சான். மாட்டுக்கு ரெண்டடி முன்னாடி கார் நின்னுச்சு. "பாத்தியாடா என் கண்ட்ரோல!"னு சிரிச்சான். ஹாஸ்டலுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு வரல.

நீங்களும் போட்டுப் பாருங்க, பிளஸ் ஒன் இயற்பியல் போதும்.

காரின் நிறை 1200 கிலோ, வேகம் மணிக்கு 72 கிமீ என்று வைத்துக்கொள்வோம். 3.6-ஆல் வகுத்தால் நொடிக்கு 20 மீட்டர். பிரேக் சக்கரத்தின் சுழற்சியைத்தான் குறைக்கும். காரை நிறுத்துவது டயருக்கும் ரோட்டுக்கும் இடையே உள்ள உராய்வு. அதனால் கிடைக்கும் அதிகபட்ச விசை = உராய்வுக் குணகம் × நிறை × புவியீர்ப்பு முடுக்கம். குணகம் காய்ந்த தார் ரோட்டுக்குச் சுமார் 0.7, நனைந்த ரோட்டுக்குச் சுமார் 0.4. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என எடுத்துக்கலாம்.

காய்ந்த ரோடு:
விசை = 0.7 × 1200 × 10 = 8400 நியூட்டன்
எதிர்முடுக்கம் = 8400 ÷ 1200 = 7 மீ/நொடி²
நேரம் = 20 ÷ 7 = 2.9 நொடி
தூரம் = 20² ÷ (2 × 7) = 28.6 மீட்டர்

நனைந்த ரோடு:
விசை = 0.4 × 1200 × 10 = 4800 நியூட்டன்
எதிர்முடுக்கம் = 4 மீ/நொடி²
நேரம் = 20 ÷ 4 = 5 நொடி
தூரம் = 20² ÷ (2 × 4) = 50 மீட்டர்

ஒண்ணு கவனிச்சீங்களா? நிறையால் பெருக்கி, அதே நிறையால் வகுக்கிறோம். அதனால டயரின் பிடிப்பு மட்டும்தான் எல்லைன்னா, சின்ன காரோ பெரிய காரோ, தூரம் ஒண்ணுதான். "நம்ம வண்டி கனமான வண்டி, பிடிச்சு நிக்கும்"ங்கிறது இங்க செல்லாது.

இன்னும் ஒரு விஷயம் பாக்கி. மாட்டைப் பார்த்து, கால் பிரேக்குக்குப் போக சுமார் 1 நொடி ஆகும். அந்த ஒரு நொடியில் கார் அதே வேகத்தில் 20 மீட்டர் ஓடிவிடும். ஆக, மழையில் மொத்தம் 70 மீட்டர்.

இப்போ 50 மீட்டர் முன்னால் ஒருத்தர் ரோட்டைக் கடக்கிறார்னு வச்சுக்குவோம். 20 மீட்டர் யோசிக்கிறதுலயே போச்சு; பிரேக்குக்கு மிச்சம் 30 மீட்டர். மோதும் வேகத்தின் வர்க்கம் = 400 − (2 × 4 × 30) = 160. வேகம் நொடிக்கு 12.6 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிமீ!

அதே இடத்தில் 54 கிமீ வேகத்தில் வந்திருந்தால்? நொடிக்கு 15 மீட்டர். யோசிக்க 15, பிரேக்குக்கு 225 ÷ 8 = 28, மொத்தம் 43 மீட்டர். அவருக்கு 7 மீட்டர் முன்னாடியே கார் நின்றுவிடும்.

வேகத்தில் குறைத்தது வெறும் 18 கிமீ. தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு போவதால்தான் இவ்வளவு வித்தியாசம்.

கணக்கை நண்பனிடம் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "அப்போ அன்னிக்கு மாடு கொஞ்சம் தள்ளி நின்னதாலதான் தப்பிச்சோமா?"ன்னான். ஆமாடா, அவ்வளவுதான்.