அண்டை வீட்டு இரைச்சலும் வீட்டிலிருந்து பணிபுரிதலும்

அண்டை வீட்டு இரைச்சல் என்பது பக்கத்து வீட்டிலோ மேல்தளத்திலோ எழுந்து, சுவர், தளம், சன்னல் வழியாக மற்றொரு வீட்டுக்குள் புகும் வேண்டாத ஒலியாகும். 2020 மார்ச் இறுதியில் இந்தியாவில் ஊரடங்கு தொடங்கியபோது, அலுவலகம் சென்று வந்த பலர் வீட்டிலிருந்தே பணிபுரியத் தொடங்கினர். அதுவரை அவர்கள் காதில் விழாத பகல்நேர மிக்சிச் சத்தமும் தொலைக்காட்சி ஒலியும் பணிக்கு இடையூறாயின.

ஒலி பரவும் விதம்

இவ்வொலிகள் இரு வகைப்படும். பேச்சு, பாட்டு, நாய் குரைப்பு போன்றவை காற்றின் வழியே பரவி, கதவிடுக்கு, சன்னல் இடுக்கு வழியாக எளிதில் நுழைகின்றன. நாற்காலியை இழுத்தல், துளையிடும் கருவியை இயக்குதல், உரலில் இடித்தல் போன்றவை கட்டடத்தையே அதிரச் செய்கின்றன. இரண்டாம் வகையைக் கேட்பவர் தம் வீட்டில் தடுப்பது கடினம். ஒலி எழும் இடத்தில் தடுப்பதே எளிது. நாற்காலிக் கால்களுக்கு இரப்பர் உறை மாட்டுவதும், மிக்சியின் அடியில் தடித்த விரிப்பு இடுவதும் பயன் தரும்.

கவனம் சிதறும் காரணம்

ஒலியின் அளவு மட்டுமே தொல்லைக்குக் காரணமன்று. சீரான மின்விசிறி ஓசையை மனம் விரைவில் புறக்கணித்துவிடும். பொருள் புரியும் பேச்சையும், விட்டுவிட்டு எழும் ஒலியையும் அவ்வாறு புறக்கணிக்க இயலுவதில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் டேவிட் கிளாஸ், ஜெரோம் சிங்கர் ஆகியோர் தம் சோதனைகளை 1972-இல் நூலாக வெளியிட்டனர். எப்போது வரும் எனத் தெரியாத இரைச்சலைக் கேட்டவர்கள், அது நின்ற பிறகு தரப்பட்ட வேலைகளிலும் பின்தங்கினர். பொத்தானை அழுத்தி இரைச்சலை நிறுத்தலாம் என்று முன்னரே கூறப்பட்டவர்கள், அதை அழுத்தாதபோதும் குறைவாகவே பாதிக்கப்பட்டனர். இரைச்சல் தம் கட்டுப்பாட்டில் உள்ளது என்ற எண்ணமே அதன் தாக்கத்தைக் குறைத்தது.

சட்ட நிலை

இந்தியாவில் ஒலி மாசு (ஒழுங்குபடுத்தல் மற்றும் கட்டுப்படுத்தல்) விதிகள், 2000 நடைமுறையில் உள்ளன. குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு, காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை 55 டெசிபல். இரவில் 45 டெசிபல். இவை குறிப்பிட்ட நேரத்துக்கான சராசரி அளவுகள். வரம்பை விட 10 டெசிபல் அல்லது அதற்கு மேல் மிகுந்தாலோ, இரவுநேரக் கட்டுப்பாடுகள் மீறப்பட்டாலோ உரிய அதிகாரியிடம் புகார் அளிக்கலாம். குடியிருப்புப் பகுதிகளில் ஒலியெழுப்பும் கட்டுமானக் கருவிகளை இரவில் இயக்கக் கூடாது.

ஆயினும் பணிநேரமான பகலில் இவ்விதிகளின் உதவி குறைவு. சிறிது நேரமே எழும் சமையலறை ஒலியோ, குழந்தைகளின் ஓட்டமோ பெரும்பாலும் சராசரி வரம்பை எட்டுவதில்லை. அவை இயல்பான குடும்ப வாழ்வின் ஒலிகளும் ஆகும்.

தீர்க்கும் வழிகள்

நேரில் பேசுவதே முதல் வழி. சத்தம் எழும்போது சினத்துடன் கதவைத் தட்டுவதைவிட, அமைதியான வேளையில் பேசுவது நல்லது. “சத்தம் போடாதீர்கள்” என்பதைவிட, “11 மணி முதல் 12 மணி வரை கூட்டம் இருக்கிறது” என நேரத்தைக் கூறிக் கேட்பது ஏற்கப்படும் வாய்ப்பு அதிகம். மராமத்துப் பணியைத் தவிர்க்க இயலாவிட்டாலும், அதன் நேரம் முன்னரே தெரிந்தால் முக்கியக் கூட்டங்களை மாற்றி வைக்கலாம். எதிர்பாராத இரைச்சல் எதிர்பார்த்த இரைச்சலாகிவிடும்.

பொதுச் சுவரை ஒட்டாத அறையைத் தேர்தல், கதவின் அடியிடுக்கை அடைத்தல் ஆகியவையும் உதவும். தடித்த திரைச்சீலையும் சுவரில் ஒட்டும் பஞ்சுப் பலகையும் அறையின் எதிரொலியைக் குறைக்கும். வெளியொலியைப் பெரிதாகத் தடுப்பதில்லை. இரைச்சல் நீக்கும் காதணி ஒலிப்பான்கள் சீரான தாழ்ந்த ஒலியை நன்கு குறைக்கும். பேச்சையும் திடீர் ஒலியையும் அந்த அளவுக்குக் குறைப்பதில்லை. மின்விசிறி ஓசை பக்கத்து வீட்டுப் பேச்சை ஓரளவு மறைக்கும்.

பேச்சு பலனளிக்காவிடில் குடியிருப்போர் நலச் சங்கத்தை அணுகி, மராமத்துப் பணிகளுக்கு நேர வரையறை கோரலாம். தொடர்ந்து வரம்பு மீறும் ஒலிபெருக்கி, இரவுநேரக் கட்டுமானம் போன்றவற்றுக்குக் காவல்துறையை நாடலாம். பணிபுரிபவர் பால்கனியில் நின்று உரக்கப் பேசும் அலுவலக அழைப்பும் பக்கத்து வீட்டுக்கு இரைச்சலே என்பதால், நேர ஒப்பந்தம் இரு வீட்டாருக்கும் பொதுவாக அமைவதே நீடிக்கும்.