மெதுவோட்டமும் வைட்டமின் மாத்திரையும்

ஞாயிற்றுக்கிழமை காலை. ஏரிப் பூங்காவை நான்கைந்து முறை சுற்றி ஓடி முடித்தவர் நிழலில் அமர்கிறார். தண்ணீர்ப் போத்தலில் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி மாத்திரை ஒன்றைப் போடுகிறார். அது நுரைத்துக் கரைகிறது. குடித்து முடித்ததும் உடம்புக்கு நல்லது செய்துவிட்ட திருப்தி. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பழகிப்போன காட்சி இது. ஆனால், அந்த மாத்திரை ஓடிய ஓட்டத்தின் பலனைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா?

உடல் உழைக்கும்போது தசைகள் கூடுதல் பிராணவாயுவைப் பயன்படுத்துகின்றன. அப்போது 'ஃப்ரீ ரேடிக்கல்' எனப்படும் நிலையற்ற மூலக்கூறுகள் பெருகுகின்றன. களைத்து ஓயும்வரை ஓடவிடப்பட்ட எலிகளின் தசையிலும் ஈரலிலும் இவை இரண்டு முதல் மூன்று மடங்கு கூடியிருந்ததை 1982-இல் அமெரிக்காவில் கெல்வின் டேவிஸ் குழுவினர் அளந்து காட்டினர். அளவு மீறினால் இவை உயிரணுக்களைச் சேதப்படுத்தும். இவற்றை அடக்குபவைதாம் ஆன்டிஆக்சிடன்ட் பொருள்கள். வைட்டமின் சி, வைட்டமின் இ இரண்டும் அவற்றுள் பெயர்பெற்றவை. கேடு செய்வது பெருகுகிறது, அதை அடக்கும் மாத்திரை மருந்துக்கடையில் கிடைக்கிறது, ஆகவே வாங்கி விழுங்கினால் நல்லது என்ற கணக்கு பல்லாண்டுகள் நிலவியது. கேட்பதற்கு அது சரியாகத்தான் இருந்தது.

கொழுப்பு எரியும் இடத்தைப் பார்த்தால் கணக்கு மாறுகிறது. உயிரணுவுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணிய உலைகள் இருக்கின்றன. கொழுப்பு எரிவது அங்கேதான். தசையில் சேமிக்கப்படும் மாவுச்சத்தான கிளைகோஜன் அளவோடுதான் இருக்கும். மாரத்தான் ஓடுபவர்கள் 30 கிலோமீட்டரைத் தாண்டியதும் கால் நகராமல் திணறுவதற்கு அது தீர்ந்துபோவதே முக்கியக் காரணம். கொழுப்போ மெலிந்த உடம்பிலும் ஏராளம். வாரக்கணக்கில் பயிற்சி செய்தால் உலைகள் பெருகும். முன்பு ஓடிய அதே வேகத்தில் ஓடினாலும் கொழுப்பு அதிகமாக எரியும், கிளைகோஜன் மிச்சப்படும், நெடுநேரம் தாக்குப்பிடிக்க முடியும். நீடித்து உழைக்கும் ஆற்றல் என்பதில் பெரும்பகுதி இதுதான்.

உலைகளைப் பெருக்கும்படி தசைக்குத் தகவல் சொல்பவற்றுள் அந்த ஃப்ரீ ரேடிக்கல்களும் அடங்கும். அடுப்படியில் புகை கிளம்பினால்தான் வீட்டார் ஓடிவருவார்கள். புகையே தெரியாமல் விசிறிவிட்டால் யார் வருவார்?

ஸ்பெயினின் வெலன்சியாவில் ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2008-இல் முடிவுகளை வெளியிட்டனர். நாள்தோறும் வைட்டமின் சி கொடுத்துப் பயிற்றுவிக்கப்பட்ட எலிகளின் ஓடும் ஆற்றல், வெறும் பயிற்சி பெற்ற எலிகளின் அளவுக்கு வளரவில்லை. புதிய மைட்டோகாண்ட்ரியா உருவாவதற்கான அறிகுறிகளும் குறைந்திருந்தன.

மறு ஆண்டு ஜெர்மனியின் யேனா நகரிலிருந்து மைக்கல் ரிஸ்டோவ் குழுவினரின் ஆய்வு வந்தது. இளைஞர்கள் நான்கு வாரம் பயிற்சி செய்தனர். ஒரு பிரிவினருக்கு மட்டும் தினமும் 1,000 மில்லிகிராம் வைட்டமின் சி, 400 யூனிட் வைட்டமின் இ கொடுக்கப்பட்டது. மாத்திரை உண்ணாதவர்களிடம் இன்சுலின் முன்பைவிட நன்றாக வேலை செய்தது. உண்டவர்களிடம் அந்த முன்னேற்றம் காணப்படவில்லை. நம்மவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. மலேசியாவின் 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் இந்தியப் பெரியவர்களில் பத்தில் மூவருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. நாட்டின் பெரிய இனங்களுள் அதுவே ஆக அதிகம். சர்க்கரைக்குப் பயந்து ஓடத் தொடங்குபவர், ஓடி முடித்ததும் அந்தப் பலனையே மாத்திரையால் மட்டுப்படுத்திக்கொள்ளக்கூடும்.

எனினும் கதை அத்தோடு முடியவில்லை. நார்வேயில் 54 இளம் ஆடவர், பெண்டிரை 11 வாரம் பயிற்றுவித்து 2014-இல் வெளியான ஆய்விலும், தசையில் மைட்டோகாண்ட்ரியா பெருகியதற்கான அடையாளம் மாத்திரை உண்ணாதவர்களிடமே தெரிந்தது. ஆனால் ஓட்டச் சோதனையில் இரு பிரிவினரும் ஒரே அளவுக்குத்தான் முன்னேறினர். ஆகவே மாத்திரை உண்டால் ஓடவே முடியாது என்று மிரட்டுவது தவறு. பெரிய அளவில் உண்டால் பலன் கூடும் என்று விற்பதற்கும் ஆதாரம் இல்லை.

வைட்டமின் சி போதாவிட்டாலும் கொழுப்பு சரிவர எரியாது. கொழுப்பை உலைக்குள் ஏற்றிச்செல்லும் கார்னிடின் என்ற பொருளை உடல் தயாரிக்க இந்த வைட்டமின் தேவை. அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்து 2006-இல் வெளியான ஆய்வொன்றில், வைட்டமின் சி குறைவாக இருந்தவர்கள் நடைப்பயிற்சியின்போது எரித்த கொழுப்பு, போதிய அளவு இருந்தவர்களைவிட 25 விழுக்காடு குறைவு. ஆனால் போதிய அளவு என்பது மிகச் சிறிது. மலேசியாவில் பெரியவர்களுக்குப் பரிந்துரைக்கப்படுவது நாளுக்கு 70 மில்லிகிராம். கொய்யாவில் 100 கிராமுக்கு 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. சந்தையில் வாங்கும் ஒரு கொய்யாவே தாராளம்.

பச்சைத் தேநீரைப் பற்றியும் பலர் கேட்பதுண்டு. பிரிட்டனின் பர்மிங்ஹாமில் அதன் சாற்றை உட்கொண்டவர்கள் அரை மணிநேரம் சைக்கிள் மிதித்தபோது கொழுப்பு 17 விழுக்காடு அதிகமாக எரிந்ததாக 2008-இல் வெளியான ஆய்வு கூறுகிறது. விளம்பரங்கள் அந்த 17-ஐ மட்டும் பெரிய எழுத்தில் போடும். கிராமில் பார்த்தால் நிமிடத்துக்கு 0.35 என்பது 0.41 ஆயிற்று. அரை மணிநேரத்தில் கூடுதலாக எரிந்தது இரண்டு கிராமுக்கும் குறைவு. ஒரு கிண்ணம் தே தாரிக்கில் ஊற்றும் கெட்டிப்பால் அதை உடனே ஈடுகட்டிவிடும்.

இந்தச் சோதனைகளில் பங்கேற்ற மனிதர்கள் பெரும்பாலும் ஆரோக்கியமான இளவயதினர். முதியவர்களுக்கும் சத்துக்குறைவு உள்ளவர்களுக்கும் நிலைமை வேறாக இருக்கலாம். மருத்துவர் எழுதிக்கொடுத்து வைட்டமின் உண்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாகவே அதை நிறுத்திவிடக்கூடாது. அடுத்த முறை கிளினிக்கிற்குப் போகும்போது, எந்த அளவு மாத்திரை, எத்தனை நாளைக்கு என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.