பிறக்கும் நாளைக் குறிப்பது குட்டிதான்!
செம்மறிப் பட்டியில் கிடைத்த குறைமாத மருந்து

சினை ஆடு வைத்திருப்பவர்களுக்குக் கடைசி வாரம் தூக்கம் கெட்ட வாரம். மடி பெருத்துவிடும். வாலடியில் இரண்டு பக்கமும் குழி விழும். ஆடு கூட்டத்தை விட்டு மூலையில் ஒதுங்கி, முன்னங்காலால் தரையைக் கீறும். டார்ச்லைட்டை எடுத்துக்கொண்டு ராத்திரியில் இரண்டு தடவை போய்ப் பார்த்தாலும் ஈனாது. விடியற்காலையில் கொஞ்சம் கண்ணசந்தால், எழுந்து வருவதற்குள் குட்டி எழுந்து நின்று மடியைத் தேடிக்கொண்டிருக்கும்.

ஆட்டுக்கு 5 மாதம், பசுவுக்கு 9 மாதம் 10 நாள், எருமைக்கு 10 மாதம் 10 நாள் என்பது எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பெண்களுக்கு 'பத்து மாதம்' என்று பெரியவர்கள் சொன்னதும் தப்பில்லை. 28 நாளை ஒரு மாதமாக எண்ணினால் 280 நாள் வந்துவிடும். கணக்கு சரி. ஆனால், 'இன்றைக்குத்தான் அந்த நாள்' என்று முடிவெடுப்பது யார்... தாயா, வயிற்றில் இருக்கும் குட்டியா?

இந்தக் கேள்விக்கு விடை கிடைத்தது நியூசிலாந்து செம்மறி ஆடுகளிடம். அந்த விடையைத் தேடிப் போன இடத்தில், யாரும் எதிர்பார்க்காத இன்னொன்றும் கிடைத்தது. குறைமாதத்தில் பிறக்கும் லட்சக்கணக்கான குழந்தைகளை இன்று காப்பாற்றும் ஊசி அது.

ஒற்றைக்கண் குட்டிகள் சொன்ன சேதி

அமெரிக்காவின் ஐடஹோ மாநில மலை மேய்ச்சலில் சென்ற நூற்றாண்டின் நடுவில் ஒரு விபரீதம் நடந்தது. சில கிடைகளில் முகம் சிதைந்த குட்டிகள் பிறந்தன. சிலவற்றுக்கு நெற்றி நடுவில் ஒரே கண். காரணம் தேடிப் போன அரசு ஆராய்ச்சியாளர்கள், மலைச்சரிவில் விளையும் 'வெராட்ரம்' என்ற காட்டுச் செடியில் வந்து நின்றார்கள். சினைபிடித்த 14-ம் நாளை ஒட்டி ஆடு அதைத் தின்றால், குட்டியின் தலை உருவாவது கெட்டுப்போகிறது.

இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. இப்படிப்பட்ட குட்டியைச் சுமந்த ஆடுகள் சில, நாள் கடந்தும் ஈனவில்லை. குட்டி உள்ளேயே பெருத்துக்கொண்டே போனது. அந்தக் குட்டிகளின் மூளையடியில் இருக்க வேண்டிய பிட்யூட்டரி சுரப்பி ஒழுங்காக அமைந்திருக்கவில்லை. அப்படியானால், பிரசவத்துக்கு மணி அடிப்பது குட்டியின் தலைக்குள் இருக்கிறதா?

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் உள்ள தேசிய மகளிர் மருத்துவமனையில் பேறுகால மருத்துவராக இருந்தவர் கிரஹாம் லிக்கின்ஸ். 'மான்ட்' என்பது கூப்பிடும் பெயர். மனிதர்களுக்குப் பிரசவம் பார்க்கிறவர், செம்மறிக்கு அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். கலிபோர்னியாவின் டேவிஸ் நகருக்குப் போய், கால்நடை நோயியல் நிபுணர் பீட்டர் கென்னடி போன்றவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். வயிற்றில் இருக்கும் செம்மறிக்குட்டியின் பிட்யூட்டரியை மட்டும் மின்சாரத்தால் கருக்கினார்கள். எதிர்பார்த்தபடியே, அந்த ஆடுகள் 147 நாள் தாண்டியும் ஈனவில்லை.

அடுத்து, இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தார் லிக்கின்ஸ். வயிற்றுக்குட்டிக்குள் கார்ட்டிசால் வகை ஹார்மோனைச் செலுத்தினார். நாள் நிறையாத ஆடுகள் சில நாட்களிலேயே ஈனிவிட்டன. கார்ட்டிசால் என்பது சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி சுரப்பது. குட்டி முதிரும்போது அதன் மூளை பிட்யூட்டரிக்குச் சொல்ல, பிட்யூட்டரி அட்ரினலுக்குச் சொல்ல, கார்ட்டிசால் ஏறுகிறது. அது நஞ்சுக்கொடியின் வேலையை மாற்றிவிடுகிறது. அதுவரை கருப்பையை அமைதியாக வைத்திருந்த புரோஜெஸ்டிரான் குறைகிறது, ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது, புராஸ்டகிளாண்டின் சுரந்து வலி தொடங்குகிறது. ஆக, செம்மறியில் நாள் குறிப்பது குட்டிதான்!

தேர்வடம் பிடிக்கிற கதை

கருப்பை என்பது முழுக்கத் தசை. சினைக்காலம் முழுக்க அந்தத் தசை அங்கங்கே கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கி விரிந்துகொண்டுதான் இருக்கும். பெண்களுக்கு வரும் 'சூட்டு வலி' இந்த ரகம். தேர் இழுக்க ஊரே வடத்தைப் பிடித்திருக்கிறது. ஆனால் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் நகருமா? மேளம் அடித்து எல்லோரும் ஒரே மூச்சில் இழுத்தால்தான் சக்கரம் உருளும்.

பிரசவ நேரத்தில் கருப்பைத் தசையில் நடப்பதும் அதுவே. ஒரு செல்லுக்கும் பக்கத்துச் செல்லுக்கும் இடையில் நுண்ணிய வாசல்கள் திறக்கின்றன. ஒரு செல்லில் எழும் மின் துடிப்பு அடுத்ததற்குத் தாவி, கருப்பை முழுக்க ஒரே அலையாக ஓடுகிறது. ராபர்ட் கார்ஃபீல்ட் குழுவினர் 1977-ல் எலிகளின் கருப்பையில் இதைக் காட்டினார்கள். இதோடு ஆக்ஸிடோசினும் சேரும்போது வலி வலுக்கிறது. பிட்யூட்டரிச் சாறு கருப்பையைச் சுருக்குகிறது என்று ஹென்றி டேல் 1906-லேயே கண்டிருந்தார். 1953-ல் வின்சென்ட் டு விக்னோ அந்த ஆக்ஸிடோசினைச் செயற்கையாகத் தயாரித்தார். 1955-ல் நோபல் பரிசு கிடைத்தது. கறவை மாட்டில் பால் இறக்க முறைகேடாகப் போடப்படும் ஊசியாகத்தான் நம் ஊரில் அந்தப் பெயர் கெட்டுப்போனது.

சாக வேண்டிய குட்டி மூச்சு விட்டது

லிக்கின்ஸ் நாள் முந்தி ஈனவைத்த குட்டிகளில் ஒன்று 117-ம் நாளில் பிறந்தது. செம்மறிக்கு அது ஒரு மாதம் முந்தி. நுரையீரல் முதிராத அந்தக் குட்டி பிறந்தவுடன் இறந்திருக்க வேண்டும். ஆனால், மூச்சு விட்டுக்கொண்டிருந்தது! இறந்த பிறகு அறுத்துப் பார்த்தால், நுரையீரல் ஓரளவு விரிந்திருந்தது. பிரசவத்தைத் தூண்டுகிறதா என்று பார்க்கச் செலுத்திய ஹார்மோன், போகிற போக்கில் நுரையீரலையும் முதிர வைத்திருக்கிறது. இன்னொருவராக இருந்தால், 'ஏதோ ஒரு குட்டி தாக்குப்பிடித்தது' என்று விட்டிருப்பார்.

நுரையீரலின் காற்றறைகள் ஈரப் பிளாஸ்டிக் பைகள் மாதிரி. உள்ளே வழுவழுப்பான ஒரு பூச்சு இல்லையென்றால், மூச்சை விட்டதும் ஒட்டிக்கொள்ளும். அந்தப் பூச்சு குறைமாதக் குழந்தைகளுக்கு இருப்பதில்லை என்று 1959-ல் மேரி எலன் ஏவரியும் ஜெரி மீடும் கண்டுபிடித்தார்கள். அப்போது அதற்கு மருந்து கிடையாது. 1963 ஆகஸ்ட்டில் அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பேட்ரிக் ஐந்தரை வாரம் முந்திப் பிறந்து, 39 மணி நேரத்தில் இதே மூச்சுத்திணறலில் இறந்தான். உலகின் பெரிய பதவியில் இருந்த அப்பாவாலும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

லிக்கின்ஸும் குழந்தை மருத்துவர் ரோஸ் ஹோவியும் 1969 டிசம்பரில் பரிசோதனையைத் தொடங்கினார்கள். குறைமாதத்தில் பிரசவிக்கும் நிலையில் இருந்த 282 தாய்மார்கள். ஒரு பிரிவினருக்கு பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு ஊசி, மற்றவர்களுக்கு ஒப்பீட்டு ஊசி. யாருக்கு எது என்பது குலுக்கல் முறையில். 1972-ல் முடிவு வெளியானது. ஊசி போடாத பிரிவில் பிறந்த சில நாட்களுக்குள் இறந்த குழந்தைகள் 15 சதவிகிதம். போட்ட பிரிவில் 3.2 சதவிகிதம்.

உலகமே ஓடிவந்து எடுத்துக்கொண்டிருக்கும் என்றுதான் நினைக்கத் தோன்றும். நடந்தது வேறு. ஸ்டீராய்டு என்ற பெயருக்கே மருத்துவர்கள் தயங்கினார்கள். அடுத்தடுத்த ஆய்வுகளும் அதையே சொல்லியும், அமெரிக்காவில் இது பரிந்துரையாக வர 1994 ஆனது. இடைப்பட்ட 22 ஆண்டுகளில் வீணாகப் போன உயிர்களுக்கு யார் கணக்கு வைத்தது? மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் 'காக்ரேன்' அமைப்பின் சின்னத்தில் இருக்கும் கோடுகள் இந்த ஊசி பற்றிய ஆய்வுகளின் வரைபடம்தான். முதல் பரிசோதனையில் பிறந்த குழந்தைகளை 30 வயதில் தேடிப்பிடித்துப் பார்த்ததில், அறிவுத்திறனில் எந்தக் குறையும் இல்லை.

ஒரே மருந்து, இரண்டு வேலை

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. செம்மறியில் பிரசவத்தைத் தூண்டும் ஸ்டீராய்டு, பெண்களுக்குப் பிரசவத்தைத் தூண்டுவதில்லை. குழந்தையின் நுரையீரலை மட்டும் முதிர வைக்கிறது. மனிதரில் பிரசவத்துக்கு முன் ரத்தத்தில் புரோஜெஸ்டிரான் அளவு செம்மறியைப் போல விழுவதும் இல்லை. நஞ்சுக்கொடியே ஒரு கடிகாரம் போல ஹார்மோனை ஏற்றிக்கொண்டே போகிறது என்று 1995-ல் ஆஸ்திரேலியாவின் ரோஜர் ஸ்மித் குழுவினர் சொன்னார்கள். மனிதப் பிரசவத்தின் முழு முடிச்சு இன்னும் அவிழவில்லை. அதனால்தான் குறைமாத வலியை அடியோடு நிறுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. இருக்கும் மாத்திரைகள் ஒன்றிரண்டு நாள் தள்ளிப்போட உதவும். ஸ்டீராய்டு வேலை செய்ய அந்த அவகாசம் போதும்.

கால்நடை வளர்ப்போருக்கு இதில் நேரடியான சேதி ஒன்று இருக்கிறது. வீக்கம், ஒவ்வாமை என்று எதற்கோ போடும் டெக்ஸாமெத்தசோன் ஊசி, சினையின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் பசுவையோ ஆட்டையோ நாள் முந்தி ஈன வைத்துவிடலாம். புராஸ்டகிளாண்டின் ஊசி வெள்ளாட்டில் எந்த மாதத்திலும் கருவைக் கலைக்கும். எனவே, மருத்துவர் வந்ததும் முதல் வார்த்தையாக 'சினை, இத்தனை மாதம்' என்று சொல்லிவிட வேண்டும். மருந்துக்கடையில் வாங்கி நாமே போடுவது ஆபத்து. குட்டி குறுக்கே இருக்கும்போதோ, கருப்பை வாய் திறக்காதபோதோ ஆக்ஸிடோசின் போட்டால் கருப்பை கிழியக்கூடும்.

வீட்டில் கர்ப்பிணி இருந்தால்?

37 வாரம் முடியும் முன் பிறப்பது குறைப்பிரசவம். உலகில் 2020-ல் இப்படிப் பிறந்தவர்கள் சுமார் 1 கோடியே 34 லட்சம். அதில் இந்தியாவில் மட்டும் சுமார் 30 லட்சம்.

எட்டாம் மாதத்தில் விட்டுவிட்டு, ஆனால் சீரான இடைவெளியில் வயிறு கல்லாக இறுகுவது, இடுப்பு வலி, நீர் கசிவு, ரத்தக்கசிவு... இவற்றில் ஒன்று வந்தாலும் 'சூட்டு வலிதான், கஷாயம் குடித்தால் போகும்' என்று ஒரு ராத்திரி காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டுவிட வேண்டும். 24 முதல் 34 வாரத்துக்குள் வலி கண்டால் 12 மணி நேரத்துக்கு ஒன்றாக 4 ஊசி. இங்கே போடுவது டெக்ஸாமெத்தசோன். பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன்பே கிராம சுகாதார செவிலியர் முதல் ஊசியைப் போடலாம் என்று 2014-ல் மத்திய அரசு வழிகாட்டுதல் வந்தது.

இந்தியா உட்பட 5 நாடுகளின் மருத்துவமனைகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வு 2020-ல் வெளியானது. ஊசி போட்ட பிரிவில் பச்சிளங்குழந்தை இறப்பு 19.6 சதவிகிதம், போடாத பிரிவில் 23.5. அதற்கு முன் 2015-ல் வெளியான ஆய்வில், இந்தியா உட்பட 6 நாடுகளில் கிராம அளவில் பரவலாகப் போட்டுப் பார்த்தபோது பலன் தலைகீழானது. வாரக் கணக்கு சரியாகத் தெரியாமல், நாள் நிறைந்தவர்களுக்கும் ஊசி போய்ச் சேர்ந்தது. இறப்பு கூடியது. எனவே முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன் சீட்டைப் பத்திரமாக வைத்திருந்து, ஆம்புலன்ஸில் ஏறும்போது கையில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஊசி போடலாமா, வேண்டாமா என்று மருத்துவர் முதலில் பார்ப்பது அந்தத் தேதியைத்தான்.