சமதரையில் ஒரு மலையேற்றம்

சென்னையிலிருந்து இமயமலைக்கு நடக்கக் கிளம்பும் குழுக்களின் பயிற்சி முறை எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பின் படிகளில் முதுகுப் பையைச் சுமந்து ஏறி இறங்குவார்கள். சனி, ஞாயிறுகளில் நாகலாபுரம் மலைக்குப் போய்விட்டு வருவார்கள். கால் தயாராகிவிடும். ஆனால் கங்கோத்ரியிலிருந்து கோமுக் என்கிற பனியாற்று முகப்புக்குப் போகிற பாதையில் பகல் ஏற ஏற வலுத்து வீசுகிற காற்று இருக்கிறதே, அதற்கு எந்தப் படிக்கட்டும் நம்மைப் பழக்காது. அதைப் பழக ஓர் இடம் இருக்கிறது. நகரத்துக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர், கடல் மட்டத்திலேயே.

சிலிக்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்துக்குள் கிடக்கிறது. தென்கோடி மட்டும் திருவள்ளூர் மாவட்டத்தில். ஊரிலிருந்து பாலத்தைத் தாண்டினால் லைட்ஹவுஸ் குப்பம். அங்கிருந்து தெற்கே காட்டுப்பள்ளி வரை பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ஒல்லியான மணல் திட்டு ஒன்று ஓடுகிறது. கிழக்கே வங்கக் கடல், மேற்கே கழி. அரங்கன்குப்பம், கூனங்குப்பம், சாத்தான்குப்பம், வைரவன்குப்பம், கரிமணல் என்று மீனவக் குப்பங்கள் இந்தத் திட்டின் மேல்தான் இருக்கின்றன. நண்பர்களோடு நான் நடந்தது இதில்தான். ஏற்றம் என்று சொல்ல எதுவும் கிடையாது. இருந்தும், பனிமலை பார்த்துவிட்டு வந்தவர்கள் பாதி வழியில் பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

காரணம் காற்றும் மணலும். உலர்ந்த மணலில் வைக்கிற ஒவ்வொரு அடியும் கொஞ்சம் பின்வாங்கும். அலை தொட்டுப் போன ஈர மணலில் கால் நிற்கும், ஆனால் அந்தப் பட்டை எந்நேரமும் ஒரே அகலத்தில் கிடைக்காது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் மேலே ஏறிவிட்டால் அடும்பங்கொடியும் ராவணன் மீசைப் புல்லும் படர்ந்த மேட்டுக்கு ஏறித்தான் போக வேண்டும். ராவணன் மீசையை வெறுங்காலால் மிதித்தவர்களுக்கு அந்தப் பெயருக்கு விளக்கம் தேவைப்படாது. காற்று வலுத்துவிட்டால் மணல் முழங்காலுக்குக் கீழே தனி ஓடையாக ஓடிக் கெண்டைக்காலைச் சுரண்டும். அப்போது அருகருகே நடந்து அரட்டையடிக்க முடியாது. ஒருவர் பின் ஒருவராக, முன்னால் போகிறவரை அவ்வப்போது மாற்றிக்கொண்டு, குழுவிலேயே மெதுவானவரின் வேகத்தில் போக வேண்டும். பனியாற்றிலும் இதே விதிதான்.

மலைக்காற்றும் இந்தக் கடற்காற்றும் ஒரே வெயிலின் பிள்ளைகள். காலையில் மலைச்சரிவு சூடாகிறது. பள்ளத்தாக்கின் காற்று மேலே இழுக்கப்படுகிறது. இங்கே தரை சூடாகிறது. கடலின் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. அதனால்தான் இரண்டு இடத்திலும் விடியலில் கிளம்பி உச்சிப் பொழுதுக்கு முன்பே முடித்துவிடு என்கிறார்கள். குப்பங்களில் காற்றுக்குத் திசைப்படி பெயர் உண்டு. வடக்கிலிருந்து வந்தால் வாடை, கிழக்கே கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான். “காத்து எப்படி இருக்கு?” என்பதுதான் அங்கே காலையின் முதல் விசாரிப்பு. நடக்கிறவனும் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். மார்கழி வாடையில் நடப்பதானால் லைட்ஹவுஸ் குப்பத்தில் தொடங்கித் தெற்கே போக வேண்டும், காற்று முதுகைத் தள்ளும். சித்திரையில் தென்பக்கத்திலிருந்து வீசும்போது காட்டுப்பள்ளிப் பக்கம் தொடங்கி வடக்கே வர வேண்டும். இதைத் திருப்பிச் செய்தால் தூரம் இரண்டு மடங்காகத் தோன்றும்.

ஏரியும் அவ்வளவு சாது இல்லை. சராசரி ஆழம் ஒரு மீட்டர் அளவுதான் என்பதால் வருகிறவர்கள் அதைக் குளம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஆழமில்லாத நீரைக் காற்று சுலபமாக எழுப்பிவிடும். முகத்துவாரத்தில் ஏரியின் நீரோட்டமும் கடல் அலையும் மோதிக்கொள்ளும் இடத்தில் கணக்கே வேறு. 2011 டிசம்பர் 25 அன்று உல்லாசமாகச் சென்றவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். இன்றும் கரையில் படகுச் சவாரிக்குப் பேரம் பேசுகிற கூட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. நடந்து பார்க்கலாமே இந்த ஏரியை!

கோமுக் போகிற வழியில் பாறைகளில் ஆண்டுகளை எழுதி வைத்திருக்கிறார்கள்: இந்த ஆண்டில் பனி இதுவரை இருந்தது என்று. வருடா வருடம் பனியாறு பின்வாங்குவதை நடந்துகொண்டே படித்துவிடலாம். இந்தத் திட்டில் அப்படி எழுதி வைக்கப் பாறை இல்லை. ஆனால் இங்கே கரையும் நகர்கிறது; அதன் காரணம் பனியாற்றின் கதையைவிடத் தெளிவானது. இக்கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன; வடகிழக்குப் பருவ மாதங்களில் மட்டும் திசை மாறும். குறுக்கே ஒரு கல்சுவரைக் கடலுக்குள் நீட்டினால் தென்பக்கம் மணல் சேரும், வடபக்கம் பட்டினி கிடக்கும். சென்னைத் துறைமுகம் வந்தபின் தெற்கே மெரினா அகன்றதும் வடக்கே ராயபுரம் அரிக்கப்பட்டதும் இதனால்தான். பின்னர் எண்ணூரில் ஒரு துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளியில் இன்னொன்று. பழவேற்காட்டுக் குப்பங்கள் இவற்றுக்கும் வடக்கே. காட்டுப்பள்ளித் துறைமுகத்தைப் பன்மடங்கு விரிவாக்கும் திட்டத்தை மீனவர்கள் எதிர்க்கிறார்கள். 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட கருத்துக் கேட்புக் கூட்டங்கள் தள்ளிப்போயின. இந்த நடையை முடித்தவர்களுக்கு அந்த எதிர்ப்பின் நியாயம் காலாலேயே புரிந்துவிடும்.

இங்கே டச்சுக்காரர்களைப் பற்றிப் பேசாமல் முடியாது. 1613இல் பழவேற்காட்டில் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியவர்கள் அவர்கள். துணி வாங்கினார்கள், அடிமைகளையும் கப்பலேற்றினார்கள். 1690இல் தலைமையிடத்தை நாகப்பட்டினத்துக்கு மாற்றினார்கள். கோட்டை போய்விட்டது, எலும்புக்கூடுகள் செதுக்கிய வாசலோடு கல்லறைத் தோட்டம் மிஞ்சியிருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் அதைப் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் டச்சுக்காரர்களின் சொந்த நாட்டில், வாடன் கடல் என்கிற ஆழமற்ற கடலோரத்தில், ஓதம் வற்றியதும் மக்கள் கூட்டம் கூட்டமாகச் சேற்றில் இறங்கித் தீவுகளுக்கு நடந்தே போகிறார்கள். கிடைமட்ட மலையேற்றம் என்று அதைக் கேலியும் பெருமையுமாகச் சொல்வதுண்டு. அந்தக் கடலோரம் 2009இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது. தீவுக்கு நடக்கும் அந்த நீண்ட வழிகளில் உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் போகக் கூடாது. எந்த வாய்க்காலில் எப்போது நீர் திரும்பும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

நம்மிடம் அப்படிப்பட்டவர்கள் இல்லையா? ஏரியில் நம்மைவிடப் பல மடங்கு நடக்கிறவர்கள் இருளர் பெண்கள். இடுப்பளவு நீரில் குனிந்து சேற்றைத் துழாவிக் கையாலேயே இறால் பிடிப்பார்கள். இரண்டு கையும் வேலைக்கு வேண்டும் என்பதால் ஓலையில் முடைந்த பறியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள். எங்கே சேறு முழங்காலை விழுங்கும், எங்கே சிப்பி பாதத்தைக் கிழிக்கும், கெளுத்தி முள் எங்கே காத்திருக்கும் என்பதெல்லாம் அவர்களுடைய உள்ளங்காலுக்குத் தெரியும். மணிக்கணக்கான அந்த நடையை யாரும் சாகசம் என்று சொல்வதில்லை. அதற்குச் சான்றிதழும் கிடையாது, புகைப்படமும் கிடையாது.

இந்த நடைக்குக் குழுக்களை அழைத்துப் போகிற வேலை சென்னையின் பயண நிறுவனங்களுக்கு ஏன் போக வேண்டும் என்பதுதான் என் கேள்வி. குப்பத்துக்காரர்களே நடத்தலாம். முறைவைத்துப் பகிர்வது அவர்களுக்குப் புதிதும் அல்ல. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் பாடு என்றொரு ஏற்பாடு இருக்கிறது. சுத்து வலை போடுவதற்கான நல்ல இடங்களை யாரும் சொந்தமாக்கிக்கொள்ள முடியாது. உரிமையுள்ள தலைக்கட்டுகள் சீட்டுப் போட்டு முறை மாற்றிக்கொள்வார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு அடுத்த முறை சுமாரான இடம் வரலாம். சண்டை குறைவு, மீனுக்கும் கொஞ்சம் மூச்சு கிடைக்கிறது. வழிகாட்டும் வேலையையும் இப்படி முறைவைத்துப் பங்கிடலாம். வனத்துறையும் சேர்ந்துகொள்ள வேண்டியிருக்கும், தமிழகப் பக்கத்து ஏரி 1980 முதல் பறவைகள் சரணாலயம். பூநாரை வரும் மாதங்களில் எங்கே கால் வைக்கக் கூடாது என்பதையும் அந்த வழிகாட்டிகளே சொல்லலாம். பங்குனி ஆமை முட்டையிடும் இரவுகளில் கரையை அதற்கு விட்டுவிடச் சொல்லலாம்.

பாடு முறையில் ஒரு குறையும் உண்டு. அதில் பங்கு பெறுவது பட்டினவர் என்கிற மீனவச் சமூகத்துக் குடும்பங்களின் ஆண்கள்தான். இருளருக்கும் பெண்களுக்கும் அங்கே சீட்டு கிடையாது. புதிதாக ஒரு முறை தொடங்குவதானால் அந்தக் கதவையும் சேர்த்துத் திறக்க வேண்டும். கடலோர நடைக்குக் குப்பத்து இளைஞர்கள் போதும். ஏரிக்குள் இறங்குகிற வழிக்கு முதல் சீட்டைப் பறி கடித்த பெண்களுக்குக் கொடுங்கள். கட்டணமும் இமயமலை வழிகாட்டிக்குக் கொடுக்கிற அதே கட்டணமாக இருக்கட்டும்.