புல் நறுக்கும் இயந்திரம்: எந்த அளவு நமக்கு ஏற்றது?

பால்மரமும் பால்மாடும் தோட்டப்புற வாழ்க்கையில் நெடுங்காலமாகச் சேர்ந்தே வந்துள்ளன. விடியற்காலையில் மரம் சீவச் செல்லும் தொழிலாளர் பலர், வேலை முடிந்து வீடு திரும்பிய பின் புல்லறுத்து மாடுகளைப் பேணி, குடும்ப வருமானத்திற்குத் துணை தேடிக்கொள்கின்றனர். இத்தகைய குடும்பங்களுள் சில, இப்பொழுது புல் நறுக்கும் இயந்திரம் வாங்க எண்ணுகின்றன. கடைக்குச் சென்றால் சிறியதும் பெரியதுமாகப் பல வகைகள் காணப்படுகின்றன. பெரியதை வாங்கினால் பிற்காலத்திற்கும் உதவும் என்று விற்பவர் கூறுவார். விலை குறைந்ததே போதும் என்று வீட்டார் கூறுவர். இவ்விரண்டில் எதை ஏற்பது? மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தோ கடன்பட்டோ வாங்கும் பொருளாதலால், இதனைக் கணக்கிட்டு முடிவு செய்வதே அறிவுடைமை.

குளிர் நாடுகளில் கோடையில் புல்லை அறுத்து, வெயிலில் உலர்த்தி, பனிக்காலத்திற்குச் சேமித்து வைப்பர். அறுத்த புல்லைக் கிளறிப் பரப்புவதற்கென்றே அங்குத் தனி இயந்திரம் உண்டு. புல்லறுக்கும் கருவியின் அகலம், இழுத்துச் செல்லும் டிராக்டரின் வலிமை ஆகிய இரண்டையும் பார்த்த பின்னரே அந்நாட்டு விவசாயிகள் அதன் அளவை முடிவு செய்வர். நமது நாட்டில் அடிக்கடி பெய்யும் மழை, புல்லை உலர விடுவதில்லை. ஆண்டு முழுவதும் பச்சைப்புல் வளர்வதால் அதற்குத் தேவையும் குறைவே. நாம் அன்றன்று அறுத்து நறுக்கிப் போடுகிறோம். கருவி வேறாயினும் விதி ஒன்றே: வேலையை அளந்த பின்னரே கருவியை அளக்க வேண்டும்.

ஏன் நறுக்க வேண்டும்?

நேப்பியர் புல் உயர்ந்து வளரும்; அதன் தண்டு கரும்பைப் போல் தடிக்கும். முழுதாகப் போட்டால் மாடு இலையைத் தின்றுவிட்டுத் தண்டை ஒதுக்கி, காலால் மிதித்துப் பாழாக்கும். 2 முதல் 5 சென்டிமீட்டர் நீளமாக நறுக்கிப் போட்டால் தண்டையும் சேர்த்துத் தின்னும். ஆனால், தூள் போல் நறுக்குதல் கூடாது. மாடு அசைபோடும் விலங்கு. அதற்கு ஓரளவு நீளமான நார் தேவை. மேலும், முற்றிப்போன புல்லை எந்த இயந்திரமும் சத்துள்ளதாக மாற்றாது. 6 முதல் 8 வாரங்களுக்கு ஒருமுறை அறுக்கும் புல்லே மாட்டிற்கும் நல்லது, கத்திக்கும் நல்லது.

முதற் கணக்கு: ஒரு நாளைக்கு எவ்வளவு புல்?

மாட்டின் எடையில் பத்தில் ஒரு பங்கு பச்சைப்புல் நாள்தோறும் தேவை என்பது எளிய கணக்கு. 400 கிலோ எடையுள்ள பசுவிற்கு 40 கிலோ. 200 கிலோ எடையுள்ள கிடாரிக்கு 20 கிலோ. மூன்று பசுக்களும் இரண்டு கிடாரிகளும் உள்ள ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பசுக்களுக்கு 120 கிலோ, கிடாரிகளுக்கு 40 கிலோ; ஆக 160 கிலோ. இதுவே அக்குடும்பத்தின் ஒருநாள் வேலையின் அளவு.

இரண்டாம் கணக்கு: எவ்வளவு நேரத்தில்?

இயந்திரத்தின் தகட்டில், 'ஒரு மணி நேரத்திற்கு இத்தனை கிலோ' என்று பொறிக்கப்பட்டிருக்கும். அது கத்தி கூர்மையாகவும் புல் இடைவிடாமல் செலுத்தப்பட்டும் இருக்கும்பொழுது கிடைக்கும் அளவாகும். ஒருவரே கட்டை அவிழ்த்து, செலுத்தி, நறுக்கியதை அள்ளும்பொழுது அந்த அளவு கிடைப்பதில்லை. ஆகவே, அதில் பாதியை மட்டும் நம்பிக் கணக்கிடுதல் பாதுகாப்பானது.

600 கிலோ என்று குறிக்கப்பட்ட இயந்திரம் 300 கிலோ நறுக்கும் எனக் கொள்வோம். மேற்சொன்ன 160 கிலோ புல்லை அது 32 நிமிடங்களில் முடித்துவிடும். 1,000 கிலோ என்று குறிக்கப்பட்டது, அதே வேலையை ஏறத்தாழ 19 நிமிடங்களில் முடிக்கும். மிச்சமாவது 13 நிமிடங்களே. இந்த 13 நிமிடங்களுக்காக எத்தனை வெள்ளி கூடுதலாகக் கொடுக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். புல் அறுக்கும் நேரத்தையும் சுமந்து வரும் நேரத்தையும் எவ்வளவு பெரிய இயந்திரமும் குறைக்காது என்பதையும் மறத்தலாகாது.

'பெரிய இயந்திரமானால் மூன்று நாள் புல்லை ஒரே நாளில் நறுக்கி வைத்துவிடலாமே' என்று சிலர் கேட்கக்கூடும். நறுக்கிக் குவித்த பச்சைப்புல் விரைவில் சூடேறிப் புளித்த வாடை வீசும். மாடு அதனை விரும்பி உண்ணாது. காற்றுப் புகாமல் அடைத்துப் பதப்படுத்தும் முறை வேறு. அதற்குத் தனிப் பயிற்சி தேவை. ஆதலின் அன்றைய புல்லை அன்றே நறுக்க வேண்டும்.

மாட்டின் எண்ணிக்கையும் இயந்திரமும்

ஒன்றிரண்டு மாடுகள் உள்ள வீட்டிற்குப் பாராங் கத்தியும் ஒரு கட்டையும், அல்லது கையால் சுற்றும் சக்கரக் கருவியும் போதுமானவை. நான்கு முதல் எட்டு மாடுகள் வரை உள்ளவர்களுக்குப் பொதுவாக 2 குதிரைத்திறன் முதல் 3 குதிரைத்திறன் வரையிலான மின் இயந்திரம் ஏற்றது. இருபது மாடுகள் என்றால் நாளொன்றுக்கு 800 கிலோ புல் தேவை. அப்பொழுதுதான் 5 குதிரைத்திறனும் அதற்கு மேலும் உள்ள பெரிய இயந்திரம் தன் விலைக்கு ஈடாக வேலை செய்யும்.

மிகச் சிறியதை வாங்குவதும் நட்டமே. தடித்த தண்டைத் திணித்தால் மோட்டார் திணறிச் சூடாகும். நாளடைவில் எரிந்தும் போகும். வாங்குமுன் நாம் வளர்க்கும் புல்லில் ஒரு கட்டைக் கடைக்கே எடுத்துச் சென்று, நறுக்கிக் காட்டுமாறு கேட்பதில் தவறில்லை. இளம் புல்லை மட்டுமன்றி, தடித்த தண்டையும் நனைந்த புல்லையும் கொடுத்துச் சோதிக்க வேண்டும்.

மின்சாரம் தாங்குமா?

2 குதிரைத்திறன் மோட்டார் ஏறத்தாழ 10 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். வீட்டிலுள்ள சாதாரண மின்செருகி 13 ஆம்பியருக்கு உரியது. 3 குதிரைத்திறன் மோட்டார் இவ்வளவைக் கடக்கக்கூடும். அதற்குத் தனி மின்கம்பி தேவைப்படும். பழைய லயங்களில் மின்கம்பிகள் வலுவிழந்திருக்கலாம். தோட்ட நிர்வாகத்தின் அனுமதி பெற்று, உரிமம் பெற்ற மின் பணியாளரைக் கொண்டு பார்வையிட்ட பின்னரே வாங்க வேண்டும். மாட்டுக் கொட்டில் ஈரமான இடம். ஆகவே நில இணைப்பும், மின்கசிவின்போது தானே துண்டிக்கும் கருவியும் இன்றியமையாதவை. மின்வசதி இல்லாத கொட்டிலுக்குப் பெட்ரோல் இயந்திரம் பொருந்தும்; எனினும் எரிபொருட் செலவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

கையைக் காப்பது முதற் கடமை

மரம் சீவும் தொழிலாளிக்கு விரல்களே முதலீடு. சுழலும் கத்தி ஒரு நொடியில் அவற்றைப் பறித்துவிடும். ஆகவே, அளவிற்கு அடுத்தபடியாக நாம் பார்க்க வேண்டியவை இவை. புல் செலுத்தும் வாய், கை எட்டிக் கத்தியைத் தொட இயலாத அளவு நீளமாக இருக்க வேண்டும். பட்டைக்கும் சக்கரத்திற்கும் மூடி இருக்க வேண்டும். நிறுத்தும் விசை, செலுத்துபவர் நின்ற இடத்திலிருந்தே எட்ட வேண்டும். உள்ளிழுக்கும் உருளைகள் இருந்தால் அவற்றைப் பின்னோக்கிச் சுழற்றும் நெம்புகோலும் இருத்தல் நலம்.

பயன்படுத்தும்பொழுது, கடைசிப் புல்லைக் கையால் தள்ளாமல் அடுத்த கட்டாலோ குச்சியாலோ தள்ள வேண்டும். புல் அடைத்துக்கொண்டால் விசையை நிறுத்தி, மின்செருகியைப் பிடுங்கி, சக்கரம் முற்றிலும் ஓய்ந்த பின்னரே கையை நீட்ட வேண்டும். விசையை நிறுத்திய பின்னும் கனமான சக்கரம் சிறிது நேரம் சுழன்றுகொண்டிருக்கும் என்பதைப் பலர் நினைப்பதில்லை. தொங்கும் துண்டு, வளையல், அவிழ்ந்த கூந்தல் ஆகியவற்றோடு இயந்திரத்தின் அருகில் நிற்றலாகாது. சிறுவர்களை இவ்வேலையில் விடவே கூடாது.

கூட்டாக வாங்கலாமா?

ஒரே லயத்தில் மூன்று நான்கு குடும்பங்கள் மாடு வளர்த்தால், கூடி ஒரு நடுத்தர இயந்திரம் வாங்குவது சிக்கனம். அப்பொழுது எல்லா வீட்டு மாடுகளையும் சேர்த்து முதற் கணக்கைப் போட வேண்டும். யார் எந்த நேரத்தில் நறுக்குவது, மின்கட்டணத்தையும் கத்தி தீட்டும் செலவையும் எவ்வாறு பங்கிடுவது, பழுதானால் யார் பொறுப்பு என்பவற்றை வாங்குமுன்பே ஒரு குறிப்பேட்டில் எழுதி, அனைவரும் கையொப்பமிடுதல் நல்லது. வாய்ப்பேச்சாக விட்டால் இயந்திரம் பழுதாகுமுன் நட்புப் பழுதாகிவிடும்.

இக்கணக்குகளைப் போடுவதற்கு ஒரு தாளும் பென்சிலும் போதும். மாடுகளின் எண்ணிக்கை, அவற்றின் எடை, நமக்குள்ள நேரம், கொட்டிலின் மின்வசதி ஆகிய நான்கையும் எழுதிக்கொண்டு மாவட்டக் கால்நடை மருத்துவ அலுவலகத்திற்குச் சென்றால் அங்குள்ளோரின் ஆலோசனையையும் பெறலாம். அத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குச் செல்பவர், விற்பவரின் பேச்சுக்கு மயங்காமல், தம் கொட்டிலுக்கு வேண்டியதை மட்டும் கேட்டு வாங்குவார்.