பிள்ளை பிடிக்கிறவன் யார்? ஊர் சொல்லும் கதையும் நடந்த உண்மையும்



கூக்கால், பூம்பாறை, மன்னவனூர் என்று மேல்மலையில் எந்தக் குழுக் கூட்டத்துக்குப் போனாலும் இந்தப் பேச்சு வந்துவிடுகிறது. சேமிப்பும் கடன் தவணையும் வசூல் ஆகி, நோட்டை மூடும் நேரத்தில் யாராவது ஆரம்பிப்பார்கள். "பிள்ளை பிடிக்கிறவங்க எறங்கியிருக்காங்களாமே மேடம், நெசமா?" யார் அவர்கள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில் வரும். கம்பளி விக்க வர்றவன் என்பார் ஒருவர். ஓட்டல் வேலைக்கு வந்திருக்கிற இந்திக்காரப் பசங்க என்பார் இன்னொருவர். எதுக்குப் பிடிக்கிறாங்க என்றால் கிட்னி எடுக்க, பிச்சை எடுக்க வைக்க, புதையலுக்குப் பலி கொடுக்க என்று காரணமும் தயாராக இருக்கும். போலீஸ்காரர்கூட இவ்வளவு சீக்கிரம் கேஸை முடிக்க மாட்டார்!

சிரித்துவிட்டுப் போகிற விஷயம் என்றால் இங்கே எழுதியிருக்க மாட்டோம். இதே பேச்சால் நம் தமிழ்நாட்டில் உயிர்கள் போயிருக்கின்றன.

2018-இல் நடந்தது

2018 ஏப்ரல், மே மாதங்களில் வட மாவட்டங்களில் செல்போன் வழியாக ஒரு செய்தி பரவியது. வடநாட்டிலிருந்து பெரிய கும்பல் வந்திருக்கிறது, பிள்ளைகளைத் தூக்குகிறது, எல்லோருக்கும் அனுப்புங்கள் என்று. ஏப்ரல் கடைசியில் வேலூர் மாவட்டம் குடியாத்தம் பக்கம் இந்தி மட்டும் பேசத் தெரிந்த ஒரு ஆளை ஊர் கூடி அடித்துக் கொன்றது. அவர் என்ன சொன்னாரோ, யாருக்கும் புரியவில்லை. புரியாததே குற்றமாகிவிட்டது.

மே 9-ஆம் தேதி சென்னையைச் சேர்ந்த 65 வயது அம்மா ஒருவர் உறவினர்களோடு காரில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் வந்தார். குலதெய்வக் கோயிலுக்குப் போக வேண்டும். கூட வந்தவர்களில் மலேசியாவிலிருந்து வந்த சொந்தக்காரர்களும் இருந்தார்கள். அத்திமூர் என்ற ஊரில் வழி கேட்க வண்டியை நிறுத்தினார்கள். அங்கே நின்ற பிள்ளைகளுக்கு சாக்லேட் கொடுத்தார்கள். அவ்வளவுதான் நடந்தது. பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அடுத்த ஊருக்கு போன் போனது. அடுத்த ஊரில் கூட்டம் வண்டியை மறித்தது. கோயிலுக்கு வந்தோம் என்று அவர்கள் தமிழில்தான் சொன்னார்கள். யாரும் கேட்கவில்லை. அந்த அம்மா செத்துப்போனார். மற்றவர்களுக்குப் பலத்த காயம்.

அதே நாளில் திருவள்ளூர் மாவட்டம் பழவேற்காட்டில், சுற்றித் திரிந்த ஒரு ஆளை அடித்துக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த மூன்று இடத்திலும் எந்தக் குழந்தையும் காணாமல் போகவில்லை. களவே நடக்காமல் கள்ளனைப் பிடித்த கதை இது.

நம் கூக்கால் ஏரியைப் பார்க்க வருகிறவர்கள் வண்டியை நிறுத்தி நம் பிள்ளைகளுக்கு பிஸ்கட்டும் சாக்லேட்டும் கொடுப்பது நமக்குத் தெரிந்ததுதான். அதை வாங்கக் கூடாது என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பது நல்ல பழக்கம். கொடுத்தவரைக் கள்ளன் என்று முடிவு கட்டுவது வேறு. அத்திமூரில் அந்த இரண்டுக்கும் நடுவே ஒரு போன் கால்தான் இருந்தது.

இது தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதி மகாராஷ்டிரா மாநிலம் துலே மாவட்டம் ரைன்பாடா கிராமத்தில், ஊர் ஊராகப் போய்ப் பிச்சை எடுத்துப் பிழைக்கும் சமூகத்தைச் சேர்ந்த 5 பேரை அடித்துக் கொன்றார்கள். பஞ்சாயத்து ஆபீஸ் அறைக்குள் வைத்தே! இதற்கெல்லாம் பிறகுதான் வாட்ஸ்அப் கம்பெனி, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் 5 இடத்துக்கு மேல் அனுப்ப முடியாதபடி இந்தியாவில் கட்டுப்பாடு வைத்தது. ஆனாலும் 2024 பிப்ரவரி, மார்ச்சில் இதே வதந்தி மறுபடி தமிழ்நாட்டில் கிளம்பியது. நம்பாதீர்கள் என்று காவல்துறை திரும்பத் திரும்ப அறிவிக்க வேண்டி வந்தது.

"வீடியோவுலயே இருக்கே மேடம்!"

மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் வருகிறார்கள். தெருவில் விளையாடும் பையனைத் தூக்கிக்கொண்டு பறக்கிறார்கள். இந்த வீடியோவை நம்மில் பலர் பார்த்திருப்போம். இது நம் நாட்டில் எடுத்ததே இல்லை. பாகிஸ்தானில் கராச்சி நகரில், குழந்தைகளைக் கவனமாகப் பாருங்கள் என்று பெற்றோருக்குச் சொல்ல ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த விளம்பரப் படம். முழுப் படத்தில் அந்த ஆட்கள் பையனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு அட்டையைத் தூக்கிக் காட்டுவார்கள். கராச்சித் தெருவில் ஒரு குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும் என்ற அர்த்தத்தில் அதில் எழுதியிருக்கும். யாரோ அந்தக் கடைசிப் பகுதியை வெட்டிவிட்டார்கள். வால் போன பிறகு விழிப்புணர்வுப் படம் கடத்தல் படமாகிவிட்டது. கிட்னி எடுத்துப் போட்ட குழந்தைகள் என்று பரவிய ஒரு போட்டோவும் அப்படித்தான். 2013-இல் சிரியா நாட்டுச் சண்டையில் விஷவாயுவால் இறந்த குழந்தைகளின் படம் அது.

கிட்னி விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் இதைத்தான் எல்லோரும் அதிகம் நம்புகிறார்கள். ஒருவர் கிட்னியை இன்னொருவருக்கு வைக்க ரத்த வகை சேர வேண்டும், இன்னும் பல டெஸ்ட் பார்க்க வேண்டும். ஆபரேஷன் தியேட்டர் வேண்டும். பல டாக்டர்கள், நர்ஸ்கள் வேண்டும். எடுத்ததை ஐஸ் பெட்டியில் பாதுகாத்து ஒரு நாளைக்குள் வைத்துவிட வேண்டும். வேனுக்குள்ளேயோ காட்டுக்குள்ளேயோ கத்தியால் அறுத்து எடுத்து விற்கிற பொருள் இல்லை அது. கிட்னி வியாபாரம் நாட்டில் இல்லவே இல்லையா என்றால், இருக்கிறது. 2025-இல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையம் பக்கம் வெளியே வந்ததே! அங்கே கொடுத்தவர்கள் பெரியவர்கள். கடனில் மூழ்கிய விசைத்தறித் தொழிலாளர்கள். புரோக்கர் அவர்கள் கடனைத்தான் குறி வைத்தான். கடன் வாங்கும் குழுவினர் நாம். நாம் பயப்பட வேண்டிய கிட்னிக் கதை இதுதான்.

அப்படியானால் யார்தான் கொண்டு போகிறார்கள்?

பிள்ளைகள் காணாமல் போவது பொய் என்று நாங்கள் சொல்லவில்லை. போகிறார்கள். ஆனால் நடந்த வழக்குகளைப் பார்த்தால் முகம் வேறு மாதிரி இருக்கிறது.

கோயம்புத்தூரில் 2010 அக்டோபர் 29-ஆம் தேதி பள்ளிக்குக் கிளம்பிய 10 வயது அக்காவும் 7 வயது தம்பியும் ஒரு வேனில் ஏறினார்கள். ஓட்டி வந்தவர் ஏற்கெனவே அவர்களைப் பள்ளிக்கு அழைத்துப்போன பழைய டிரைவர். தெரிந்த முகம். அந்தச் சிறுமி பாலியல் கொடுமைக்கு ஆளானாள். இரண்டு பேரையும் பொள்ளாச்சி பக்கம் பி.ஏ.பி. வாய்க்காலில் தள்ளிக் கொன்றுவிட்டார்கள். அந்த டிரைவர் சில நாளில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். இன்னொருவருக்கு விதித்த தூக்குத் தண்டனையை 2019-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அன்று அந்தத் தெருவில் எல்லோரும் கம்பளிக்காரனைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாலும் இந்த வேன் தடையில்லாமல் போயிருக்கும்.

2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் ஒரு ஆடியோ வெளியே வந்தது. ஓய்வு பெற்ற ஒரு நர்ஸ் உதவியாளர், 30 வருஷமாகக் குழந்தை விற்பதாகப் பேசியிருந்தார். பெண்ணா பையனா, நிறம் என்ன என்று பார்த்து விலை. இந்த வழக்கு கொல்லிமலை வரை போனது. அங்கே ஆம்புலன்ஸ் டிரைவர் ஒருவரும் கைதானார். வறுமையில் இருக்கும் மலைக்காரத் தாய்மார்களிடம், வளர்க்க முடியாட்டி குடுத்துரும்மா, நல்ல எடத்துல வளரும் என்று சொல்லி வாங்கியவர்கள், பிரசவத்துக்கு உதவிய கைகள். நாமும் மலையில் இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறோம். வளர்க்க வழியில்லாத நிலை வந்தால் மாவட்டக் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது, தொட்டில் குழந்தைத் திட்டம் இருக்கிறது. கையில் ரூபாய் வாங்கிக்கொண்டு கொடுப்பது தத்து ஆகாது.

இன்னொரு வகை உண்டு. அதை நாம் கடத்தல் என்றே நினைப்பதில்லை. ஏஜெண்ட் வீட்டுக்கு வருவார், டீ குடிப்பார், அட்வான்ஸ் கொடுப்பார். பையனை முறுக்குக் கம்பெனிக்கு, பெண்ணை மில்லுக்கு. மதுரை, தேனி பக்கத்துப் பையன்கள் வடநாட்டு முறுக்குக் கம்பெனிகளில் அடைபட்டுக் கிடந்து மீட்கப்பட்ட செய்தி பல முறை வந்திருக்கிறது. நம் திண்டுக்கல் மாவட்ட மில்களுக்கு மாங்கல்யத் திட்டம், சுமங்கலித் திட்டம் என்று எத்தனை பெண் பிள்ளைகள் போனார்கள் என்பது மூத்த உறுப்பினர்களுக்கு நன்றாகத் தெரியும். பிள்ளை பிடிக்கிறவனுக்கு நாமே டம்ளரில் டீ கொடுத்திருக்கிறோம்.

பாலியல் குற்றத்திலும் இதே கதைதான். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி, குழந்தைகள் மேல் நடக்கும் கடுமையான பாலியல் குற்ற வழக்குகளில் 90 சதவீதத்துக்கு மேல் குற்றவாளி தெரிந்த ஆள்: சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், குடும்பத்துக்கு வேண்டியவர். ஊர் முழுக்க வெளியாளைத் தேடி ஓடும்போது இவர்தான் முன்னால் ஓடிக்கொண்டிருப்பார்.

வெளியாள் கிடைக்கவில்லை என்றால் சந்தேகம் அடுத்து எங்கே போகும்? தாய் மேல். "அவளே வித்திருப்பா", "அவளுக்கு வேற ஆள் இருக்கு". இதைப் பெண்கள் நாமே சொல்கிறோம், அதுதான் வருத்தம். 2007-இல் போர்ச்சுகல் நாட்டுக்குச் சுற்றுலா போன இங்கிலாந்துக் குடும்பத்தின் 3 வயதுக் குழந்தை மடலின் படுக்கையிலிருந்து காணாமல் போனாள். பெற்றோரே கொன்றுவிட்டார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அங்கே குடியிருந்த ஒரு ஆளையும் குற்றவாளி போலக் காட்டின. 2008-இல் இரண்டு தரப்பிடமும் மன்னிப்புக் கேட்டு, லட்சக்கணக்கான பவுண்டு நஷ்டஈடும் கொடுத்தன. பெரிய பெரிய பத்திரிகைகளின் ஊகமே அந்த லட்சணம். நம் ஊரில் ஒரு தாயைப் பேசிவிட்டு யார் போய் மன்னிப்புக் கேட்கிறோம்?

கூட்டத்தில் நின்றால்

"எங்க வீட்டுக்காரர் அடிக்கல, சும்மா நின்னாரு." சட்டத்தில் இது எடுபடாது. ஒரே நோக்கத்தோடு கூடிய சட்டவிரோதக் கூட்டத்தில் இருந்தால், அடி விழுந்தது யார் கையால் என்று பார்க்காமல் எல்லோர் மேலும் வழக்கு வரும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில், 5 பேரோ அதற்கு மேலோ சேர்ந்து ஒருவரை அவர் மொழி, பிறந்த இடம், சாதி போன்ற காரணத்துக்காகக் கொன்றால், சேர்ந்த ஒவ்வொருவருக்கும் தூக்கு அல்லது ஆயுள் தண்டனை என்று தனிப் பிரிவே இருக்கிறது. போளூர் சம்பவத்துக்குப் பிறகு அந்தப் பக்கத்து ஊர்களில் கைதுக்குப் பயந்து ஆண்கள் வீட்டைப் பூட்டிவிட்டு ஓடினார்கள். ஜெயில், ஜாமீன், வக்கீல் செலவு எல்லாம் கடைசியில் யார் தலையில் விழும் என்று நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

சந்தேகமான ஆள் என்று யாரையாவது சுற்றி வளைத்துவிட்டால் குழுப் பெண்கள் நாலு பேராவது முன்னால் போய் நில்லுங்கள். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுங்கள். ரைன்பாடாவில் அறைக்குள் வைத்துப் பூட்டியதே ஆபத்தானது, அதனால் வாசலை விட்டு நகராதீர்கள். யாரும் செல்போனில் படம் எடுத்து அனுப்ப விடாதீர்கள். உடனே 112-க்கு அடியுங்கள்.

நிஜமாகவே பிள்ளை காணவில்லை என்றால் முதலில் வீட்டுக்குள், சொந்தக்காரர் வீட்டில், ஏரிக்கரையில், ஓடையில், சோலைக்காட்டு ஓரத்தில் தேடுங்கள். பனி இறங்கினால் பெரியவர்களுக்கே வழி தெரியாத ஊர் நம்முடையது. ஒரு பக்கம் தேடிக்கொண்டே இன்னொரு பக்கம் 112-க்கும் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லிவிட வேண்டும். 24 மணி நேரம் பொறுத்து வாங்க என்று ஸ்டேஷனில் சொன்னால், அப்படி ஒரு சட்டம் கிடையாது. குழந்தை காணவில்லை என்று புகார் வந்தாலே கடத்தலாக எடுத்துக்கொண்டு எப்.ஐ.ஆர். போட வேண்டும் என்று 2013 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கொடைக்கானல் வரை போய்ச் சேர நேரமாகும் என்றால் பக்கத்தில் எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம், எல்லை பார்க்க மாட்டார்கள்.

போலீசிடம் "அவன்தான் எடுத்திருப்பான்" என்பதைச் சொல்வதைவிட, பிள்ளையைக் கடைசியாக யார், எங்கே, எத்தனை மணிக்குப் பார்த்தார்கள், என்ன சட்டை, உடம்பில் என்ன மச்சம், யாரோடு அதிகம் பழகும், அன்று எந்த வண்டி வந்து போனது என்று சொல்லுங்கள். வீட்டில் ஏதாவது சண்டை நடந்திருந்தால் அதையும் மறைக்காதீர்கள். 15, 16 வயதுப் பிள்ளை என்றால் கோபித்துக்கொண்டோ, கல்யாண ஆசை காட்டி யாரோ அழைத்தோ போயிருக்கலாம். அவமானம் என்று இரண்டு நாள் மறைத்தால் அந்த இரண்டு நாளில் பிள்ளை எங்கேயோ போய்விடும். பிள்ளை கிடைத்ததும் போட்டோவை எல்லோர் போனிலிருந்தும் அழிக்கச் சொல்லுங்கள். அதன் பெயரையும் படத்தையும் பரப்புவது சிறார் நீதிச் சட்டப்படி குற்றம்.

ஒவ்வொரு குழுவும் 112, 1098 இரண்டையும் தீர்மான நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இந்த மாதக் கூட்டத்திலேயே எல்லோர் போனிலும் போட்டுக் கொடுங்கள். உங்கள் கம்பெனி டவர் கிடைக்காத இடத்திலும், வேறு எந்தக் கம்பெனி டவர் இருந்தாலும் அதைப் பிடித்து 112 போகும்.